பாலாற்று மணலில் ஒரு மைமோ சேனல்

இரண்டு பக்கமும் பல ஆன்டெனா வைத்த ரேடியோ சேனலுக்கு, அதாவது மைமோவுக்கு, மாடல் எழுதச் சொன்னால் நம் பொறியியல் மாணவர்கள் ஒரே ஒரு வரி எழுதுவார்கள். இரண்டுக்கு இரண்டு அளவில் ரேண்டம் எண்கள், மெய்ப்பகுதி ஒன்று, கற்பனைப்பகுதி ஒன்று, கூட்டி ரூட் இரண்டால் வகுத்தால் ராலே ஃபேடிங், அதாவது அலை சிதறிப் பல பாதையில் வந்து சேர்வதால் சிக்னல் ஏறி இறங்குவது, தயார். என் அக்கா பையனின் இறுதியாண்டு ப்ராஜெக்டிலும் அந்த வரிதான் இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. 1990-களின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்தின் டெலடாரும் ஃபோஷினியும் போட்ட கணக்கு அந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது: இரண்டு பக்கமும் ஆன்டெனா கூடக்கூட, அதே அலைவரிசை அகலத்தில் டேட்டா வேகமும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்த ரேண்டம் மேட்ரிக்ஸுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் வீட்டுச் சுவரும் தெரியாது, பாலாற்று வெட்டவெளியும் தெரியாது. சேனலை நிஜமாகவே அளந்து, எந்த மாடல் எந்த இடத்தில் பொருந்துகிறது, எங்கே கையை விரிக்கிறது என்று பார்க்க இறங்கினோம்.

இந்தத் துறையில் நம்மூர் உரிமையும் கொஞ்சம் இருக்கிறது. பொள்ளாச்சியில் பிறந்து, கடற்படைக்குச் சோனார் செய்து கொடுத்து, அப்புறம் ஸ்டான்ஃபோர்டு போன ஆரோக்கியசாமி பால்ராஜும் அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலத்தும் 1992-ல் விண்ணப்பித்த காப்புரிமைதான் ஒரே அலைவரிசையில் பல டேட்டா ஓடைகளை இடத்தால் பிரித்து அனுப்பும் யோசனைக்கு ஆரம்பங்களில் ஒன்று. 1994-ல் காப்புரிமை கிடைத்தது. 2014-ல் பால்ராஜுக்கு மார்கோனி பரிசு.

கருவிக்கு வருவோம். ஆராய்ச்சிக்கூடங்களில் சேனல் சவுண்டர் என்று பெரிய பெட்டி வைத்திருப்பார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. நிரல் எழுதி இயக்கும் ரேடியோக்கள் விலை அதிகம், உரிமம் பற்றிய கேள்வியும் வரும். கையில் சிக்கியது இன்டெல் 5300 வைஃபை கார்டு. 2008-வாக்கில் வந்த லேப்டாப்களில் இருந்த சரக்கு, மூன்று ஆன்டெனா முனை. 2011-ல் வெளியான சேனல் விவரக் கருவியைப் போட்டு, மாற்றிய ஃபர்ம்வேரை ஏற்றினால், வந்து சேரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 30 துணை அலைவரிசைகளில் முழு சேனல் மேட்ரிக்ஸையும், அதாவது எந்த ஆன்டெனாவிலிருந்து எதற்கு எவ்வளவு பலத்தில், எந்த ஃபேஸில் வந்தது என்ற கட்டத்தை, கக்கும். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் இன்னமும் கிடைக்கிறது. வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய திங்க்பேட் போன்ற சில லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும். கார்டு நன்றாக இருக்கும், மெஷின்தான் முறைக்கும். கார்டோடு வந்த அதே லேப்டாப்பாகப் பார்த்து இரண்டு எடுத்தால் தலைவலி இல்லை.

உபுண்டு 14.04, பழைய கெர்னல். புதுசில் ஓட்டப் பார்ப்பது நேர விரயம். ஒரு லேப்டாப் பாக்கெட்டை அனுப்பும், இன்னொன்று கேட்டு எழுதிக்கொள்ளும். இந்த ஃபர்ம்வேருக்குப் பூட்டிய வைஃபை ஒத்துவராது, அதனால் வீட்டு ரவுட்டரைத் தொடவே இல்லை.

2.4 ஜிகாஹெர்ட்ஸா, 5-ஆ என்று ஒரு கேள்வி. 2.4-ல் இந்தக் கார்டுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆன்டெனாவுக்கு ஒன்றாக உள்ள ரேடியோ சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் ஃபேஸ் வித்தியாசம் 90 டிகிரியின் மடங்குகளில் இஷ்டத்துக்குத் தாவும். ஒரு பாக்கெட்டின் சிங்குலர் வேல்யூவை (ஒவ்வோர் ஓடைக்கும் எவ்வளவு பலம் தேறும் என்று காட்டும் எண்) மட்டும் பார்ப்பவருக்கு அது பரவாயில்லை. பல பாக்கெட்டுகளைச் சேர்த்து ஆன்டெனாக்களுக்கு இடையே கோரிலேஷன், அதாவது ஒட்டுறவு, எடுப்பவருக்கு விஷம். சராசரி எடுத்ததும் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியம் வரும், சேனல் அருமையாக இருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுவோம். எனவே 36-ஆம் சேனல், 5.18 ஜிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 5.8 சென்டிமீட்டர். இந்த எண் கடைசி வரை கூடவே வரும்.

இன்னொரு சமாசாரம், இது மனசை லேசாக்கும். கேபிள் நீளம், சங்கிலிகளின் நிலையான ஃபேஸ் வித்தியாசம் இவற்றையெல்லாம் காலிப்ரேட் செய்யாமல் எப்படி நம்புவது என்று மருமகனுக்குக் கவலை. மேட்ரிக்ஸின் ஒவ்வொரு வரிசையையும் ஒரு ஃபேஸால் சுழற்றினாலும், ஒவ்வொரு நெடுவரிசையையும் வேறொரு ஃபேஸால் சுழற்றினாலும் சிங்குலர் வேல்யூ அசையாது. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டால்தான் காலிப்ரேஷன் வேண்டும். எத்தனை ஓடை தேறும் என்று மட்டும் கேட்டால் வேண்டாம். கார்டு இரண்டு ஓடை அனுப்பும்போது தன் பங்குக்கு ஒரு மேட்ரிக்ஸைப் பெருக்கி அனுப்புகிறது. அதுவும் பலத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சுழற்றி மட்டும் விடும் யூனிட்டரி வகைதான், சிங்குலர் வேல்யூவைத் தொடாது. ஆனால் அனுப்பும் பக்கக் கோரிலேஷனைக் கலைத்துவிடும். அதை நீக்கக் கருவியோடே ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது, மறக்காமல் ஓட்டுங்கள்.

முதல் அளவு காற்றில் இல்லை, கேபிளில். அனுப்பும் கார்டின் இரண்டு முனைகளை ஒரு கம்பைனரில் சேர்த்து, சிக்னலை அடக்கும் 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் இரண்டை வரிசையாகப் போட்டு, அங்கிருந்து ஸ்ப்ளிட்டர் வழியாக வாங்கும் கார்டின் இரண்டு முனைகளுக்கு. நடுவே ஒரே ஒரு கம்பி. எத்தனை ஆன்டெனா முனை இருந்தாலும் இந்த மேட்ரிக்ஸின் ரேங்க், அதாவது தேறும் ஓடைகளின் எண்ணிக்கை, ஒன்றுதான், இரண்டாவது சிங்குலர் வேல்யூ சுழியமாக இருந்தே தீரவேண்டும். கார்டு சுழியம் காட்டாது. அதன் சொந்த இரைச்சலும், எட்டு பிட்டில் எண்ணைச் சுருக்குவதும் சேர்ந்து ஏதோ ஒன்றைக் காட்டும். அந்த ஏதோ ஒன்றுதான் நம் தரைமட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியே போய் இரண்டாவது ஓடை தெரிகிறது என்று குதிப்பதில் அர்த்தமில்லை.

மேஜை மேல் இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்தபோது தரைமட்டம் கேவலமாக இருந்தது. கார்டிலிருந்து நேராகக் காற்றில் கசிகிற சிக்னல், 60 டெசிபெல் அடக்கிய கேபிள் சிக்னலோடு போட்டி போட்டது. வாங்கும் லேப்டாப்பை இரும்பு பீரோவுக்குள் வைத்து, கேபிளைக் கதவு இடுக்கு வழியாக வெளியே விட்டோம். புடவை அடுக்கை இடம் மாற்றியதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. இரண்டு சிங்குலர் வேல்யூக்களுக்கும் இடைவெளி 25 டெசிபெல்லைத் தாண்டியது. நமக்கு அது போதும்.

அடுத்து வீடு. ஹாலில் ஒன்று, இரண்டு சுவர் தள்ளிப் படுக்கையறையில் ஒன்று. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், நேர்ப்பார்வை கிடையாது. வாங்கும் ஆன்டெனாக்களை மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில், அதாவது ஏறக்குறைய அரை அலைநீளத்தில், ஒரு பலகையில் பொருத்தினோம். பலகையை மேஜை இழுப்பறைக்குப் போடும் ஸ்லைடு மேல் வைத்துச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நகர்த்தி அளவு எடுத்தோம். ஒரே இடத்தில் ஆயிரம் பாக்கெட் எடுத்தால் அது ஆயிரம் சாம்பிள் ஆகாது. வீட்டில் யாரும் நடக்காதவரை சேனல் அப்படியே நிற்கும். 30 துணை அலைவரிசைகளும் அப்படித்தான். எதிரொலிகளின் பரவல் 50 நானோ செகண்ட் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 4 மெகாஹெர்ட்ஸ் வரை சேனல் ஒரே மாதிரி இருக்கும்; 20 மெகாஹெர்ட்ஸில் ஐந்து சுதந்திர சாம்பிள் தேறினால் அதிகம்.

வீட்டுக்குள் அந்த ஒற்றை வரி மாடல் நன்றாகவே நின்றது. அளவுகளின் ஹிஸ்டோகிராம் ராலே வளைவின் மேல் உட்கார்ந்தது. கோரிலேஷன் மட்டும் புத்தகம் சொல்வதைவிடக் கூடுதல். எல்லாத் திசையிலிருந்தும் சமமாக அலை வருகிறது என்ற கிளார்க் மாடலில், 0.38 அலைநீளத்திலேயே, நம் கணக்கில் 2.2 சென்டிமீட்டரிலேயே, கோரிலேஷன் சுழியத்தைத் தொட்டுவிடும். படுக்கையறைக்குள் அலை முக்கியமாகக் கதவு வழியாகத்தான் நுழைகிறது. ஒரு பக்கமிருந்தே வந்தால் பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்கள் ஒரே செய்தியைத்தான் கேட்கும். பலகையைக் கதவுக்கு நேராகத் திருப்புவதா, குறுக்காகத் திருப்புவதா என்பதிலேயே எண் மாறியது.

இதற்கு வழக்கமான மருந்து க்ரோனெக்கர் மாடல். அனுப்பும் பக்கக் கோரிலேஷன் ஒரு மேட்ரிக்ஸ், வாங்கும் பக்கம் இன்னொன்று. இரண்டின் வர்க்கமூலத்தையும் ரேண்டம் மேட்ரிக்ஸின் இரு பக்கமும் பெருக்கினால் வேலை முடிந்தது. சேனலை இரண்டு ஓரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம், நடுவே நடப்பது பற்றிக் கவலை வேண்டாம் என்பதுதான் இதன் சாரம். வீட்டுக்குள் இரண்டுக்கு இரண்டில் அளந்ததும் மாடலும் கிட்டத்தட்ட ஒட்டிப் போயின. ஆன்டெனா எண்ணிக்கை ஏறினால் பிசகு வெளியே வரும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக்காரர்கள் 2003-லேயே உள்ளரங்க அளவுகளை வைத்து இந்த மாடல் கொள்ளளவை, அதாவது சேனலில் போகக்கூடிய அதிகபட்ச டேட்டா வேகத்தை, குறைத்துச் சொல்கிறது என்று காட்டிவிட்டார்கள். அதே இடத்திலிருந்து 2006-ல் வந்த வைக்செல்பெர்கர் மாடல் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே உள்ள பிணைப்பையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. எங்களுக்கு அதைச் சோதிக்க ஆன்டெனா போதவில்லை.

இரண்டே ஆன்டெனாவில் க்ரோனெக்கரைத் தடுமாற வைக்க வேறு வழி இருந்தது. அதற்குத்தான் ஆறு.

நேர்ப்பார்வை இருந்தால் மைமோ செத்தது என்பார்கள். சிதறல் இல்லாவிட்டால் நான்கு பாதைகளும் ஒன்றுபோலவே இருக்கும், மேட்ரிக்ஸின் ரேங்க் ஒன்றாகிவிடும் என்பது வாதம். ஆன்டெனாக்கள் நெருக்கமாக இருக்கும்வரை அது சரி. பிரித்து வைத்தால்? 50 மீட்டர் தூரத்தில் எதிரெதிரே இரண்டு கழிகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஓர் ஆன்டெனா, இடைவெளி 1.2 மீட்டர். நேர்ப் பாதை 50 மீட்டர். குறுக்குப் பாதை, பிதாகரஸ் கணக்குப்படி, அதைவிட 1.44 சென்டிமீட்டர் அதிகம். அலைநீளம் 5.8, அதில் கால் பங்கு 1.45. ஆக, குறுக்கே போகிற அலை சரியாக 90 டிகிரி பின்தங்கி வந்து சேரும். அந்த மேட்ரிக்ஸின் இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஒரு சிதறலும் இல்லாமலேயே இரண்டு முழு ஓடைகள், இரண்டு சிங்குலர் வேல்யூக்களும் சமம்.

இதைச் சோதிக்க வெட்டவெளி வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க், இரும்புக் கைப்பிடி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை எல்லாம் குறுக்கே வரும். தெற்கே பாறை மலை வேறு. மலையின் எதிரொலியைப் பிடிக்க முடியுமா என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. 300 மீட்டர் தள்ளி ஒரு பாறை என்றால் போய்வர 2 மைக்ரோ செகண்ட். இந்தக் கார்டு 20 மெகாஹெர்ட்ஸில் பார்க்கும் 30 புள்ளிகளால் 1.6-க்கு மேல் பிரித்தறிய முடியாது, தவிர இந்தச் சின்ன பவருக்கு அது இரைச்சலில் மூழ்கிப்போகும். ஆசையை மூட்டை கட்டினேன். பாலாறுதான் சரி. சத்துவாச்சாரிக்கு வடக்கே இறங்கினால் எதிர்க்கரை காங்கேயநல்லூர். 2021 நவம்பரில் இரு கரை முட்ட ஓடிய ஆறுதான், ஆனால் வருஷத்தின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமும்தான். கருவேலம் இல்லாத நீளமான மணல் திட்டு ஒன்றைப் பிடித்தோம்.

சவுக்குக் கழி இரண்டு, முனைகளில் ஆன்டெனாவைத் திருக அலுமினியப் பட்டை, தாங்க ஸ்டூல். ஆன்டெனா உயரம் மணலிலிருந்து ஒரு மீட்டர். கழியைப் படுக்கையாகத்தான் வைக்கவேண்டும். அப்போதுதான் மணலில் பட்டு வரும் அலை நான்கு பாதைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் சேரும். கேபிள் மெல்லிசாக இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸில் சிக்னலை அதுவே குடித்துவிடும். மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்குள் இழக்கும் எல்எம்ஆர் 200 வகையே எடுத்தோம். வேலூர் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை, ஊரையே வெயிலூர் என்று கிண்டல் செய்கிறார்கள். கார்டின் அலைவரிசையைப் பிடித்து வைத்திருக்கும் கிரிஸ்டல் சூட்டில் விலகும். வைஃபை விதிப்படி 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இருபது பங்கு) வரை விலகலாம், 5.18 ஜிகாஹெர்ட்ஸில் அது 100 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். விலகல் எல்லா ஆன்டெனாவுக்கும் பொது என்பதால் மேட்ரிக்ஸின் வடிவம் கெடாது, முழு மேட்ரிக்ஸும் சேர்ந்து சுழலும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் உறுப்பின் ஃபேஸைக் கழித்துவிட்டால் தீர்ந்தது. ஆட்கள் சூடாவதற்குத்தான் மருந்து இல்லை, சாயங்காலம் போனோம்.

கழியை ஊன்றி இன்ச் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்ப்பவர் ஒருவர் நின்று பார்த்தார். "இன்னாப்பா, மணல் அளக்க வந்தீங்களா?"

"இல்ல தாத்தா, வைஃபை அளக்கறோம்."

"ஆத்துல ஏதுப்பா வைஃபை?" என்றபடி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

முதலில் நெருக்கமான ஆன்டெனா: இரு பக்கமும் மூன்று சென்டிமீட்டர், தூரம் 50 மீட்டர். எதிர்பார்த்தபடியே ரேங்க் ஒன்று. இரண்டாவது சிங்குலர் வேல்யூ பீரோ அளவுக்குக் கொஞ்சம்தான் மேலே. அந்தக் கொஞ்சம் கரையோரக் கருவேலத்தின் சிதறலாக இருக்கும். அப்புறம் அதே ஆன்டெனாக்களைக் கழி முனைக்கு மாற்றினோம். திரையில் இரண்டு கோடுகளும் மேலே வந்து ஒட்டிக்கொண்டன. இரண்டுக்கும் இடைவெளி 2 டெசிபெல்லுக்குள். கழி கொஞ்சம் கோணலாக நின்றாலும் பாதகமில்லை. பத்து டிகிரி திரும்பினால்கூட அந்த இடைவெளியின் பயனுள்ள அளவு ஒன்றரைச் சதவீதம்தான் குறையும்.

"மாமா, கிட்ட வந்தா இன்னும் நல்லா வருமா?" என்றான்.

"வந்து பாரு."

ஸ்டூலையும் கழியையும் தூக்கி 25 மீட்டருக்கு வந்தோம். சிக்னல் பலம் ஏறியது. இரண்டாவது கோடு தொபுக்கென்று விழுந்தது. தூரம் பாதியானதும் குறுக்குப் பாதையின் உபரி இரட்டிப்பாகி 2.88 சென்டிமீட்டர், அதாவது அரை அலைநீளம். 180 டிகிரி. மேட்ரிக்ஸின் இரண்டாவது வரிசை முதல் வரிசைக்கு எதிர்க்குறி, ரேங்க் ஒன்று. ஃபோனில் இருக்கும் நாலு கோடு சிக்னலை நம்புகிறவர்களுக்கு இது விளங்காது: கிட்டே வந்தோம், பலம் கூடியது, ஓர் ஓடை காணாமல் போனது.

இன்னும் நெருங்கி 17 மீட்டருக்கு வந்ததும் உபரி முக்கால் அலைநீளம். 270 டிகிரி. விழுந்த கோடு திரும்ப எழுந்தது. ஆனால் இங்கே மொத்தச் சிக்னல் 25 மீட்டரில் இருந்ததைவிடக் குறைவு. மருமகன் கேபிளைச் சந்தேகப்பட்டுத் திருகிப் பார்த்தான். கேபிள் இல்லை, மணல். ஒரு மீட்டர் உயரத்தில் தரையில் பட்டு வரும் பாதை இந்தத் தூரத்தில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அதிகம், இரண்டு அலைநீளம். படிந்த கோணத்தில் படும்போது பிரதிபலிப்பு குறி மாறி வருவதால் நேர் அலையைத் தின்றுவிடுகிறது. மணல் முழுதாகப் பிரதிபலிப்பதில்லை, அதனால் மீதி பிழைத்தது.

வீட்டுக்கு வந்து மாடல்களோடு ஒப்பிட்டதில்தான் ருசி. சிக்னல்-இரைச்சல் விகிதம் 20 டெசிபெல் என்று நிலைநிறுத்திக்கொண்டால், ரேங்க் ஒன்றான இரண்டுக்கு இரண்டு சேனலின் கொள்ளளவு ஹெர்ட்ஸுக்குச் செகண்டுக்கு 7.65 பிட். ஒட்டுறவே இல்லாத ராலேயின் சராசரி 11.3. வரிசைகள் செங்குத்தான சேனலுக்கு 13.3. ஆற்றில் 50 மீட்டரில் நாங்கள் எடுத்தது இந்தக் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில். அதே அளவுகளிலிருந்து இரு பக்கக் கோரிலேஷனையும் எடுத்து க்ரோனெக்கரிடம் கொடுத்தால், இரண்டுமே சுத்தமான யூனிட் மேட்ரிக்ஸ். கோரிலேஷன் இல்லையா, அப்படியானால் இது சாதாரண ராலே என்று எடுத்துக்கொண்டு 11.3 சொல்லும். ஹெர்ட்ஸுக்கு இரண்டு பிட்டைக் கைவிட்டுவிட்டது. எதிர்த் திசையிலும் இந்த ஏமாற்றம் உண்டு. சிஸிக், ஃபோஷினி, வாலன்சுவேலா 2000-ல் எழுதிய சாவித்துவாரச் சேனலில் இரு பக்கமும் நல்ல சிதறல், கோரிலேஷன் சுழியம், ஆனால் நடுவே எல்லா அலையும் ஒரு ஓட்டை வழியாகத்தான் போகவேண்டும், எங்கள் பீரோ கேபிள் மாதிரி. ரேங்க் ஒன்று. க்ரோனெக்கர் அதற்கும் 11.3 சொல்லும். ஓரங்கள் இரண்டையும் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் நடுவே என்ன இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. ரைசியன் பகுதியை, அதாவது நேர்ப்பார்வை மேட்ரிக்ஸை, தூரம், இடைவெளி, அலைநீளம் மூன்றிலிருந்தும் கணக்கிட்டுத் தனியாக வைத்து, மிச்சச் சிதறலுக்கு மட்டும் க்ரோனெக்கரைப் போட்டால் ஆற்று அளவு மூன்று தூரத்திலும் ஒத்துப்போனது. நேர் அலைக்கும் சிதறலுக்கும் உள்ள பவர் விகிதமான கே-ஃபேக்டரை அளவிலிருந்தே எடுத்தோம்.

பல பாடத்திட்டங்களில் நேர்ப்பார்வைப் பகுதியை எல்லா இடத்திலும் 1 என்ற எண்ணே நிரம்பிய மேட்ரிக்ஸாக எழுதிவிடுகிறார்கள். செல்ஃபோனுக்கு அது ஓகே. கட்டடம் விட்டுக் கட்டடம், கோபுரம் விட்டுக் கோபுரம் என்று இணைப்புப் போடுகிறவர் அதை நம்பினால், கிடைக்கவேண்டிய இரண்டாவது ஓடையைத் தொடங்கும் முன்பே எழுதித் தள்ளிவிடுகிறார்.

மருமகனின் ப்ராஜெக்டில் அந்த ஒற்றை வரி இப்போது பத்துப் பன்னிரண்டு வரியாகிவிட்டது. ஆற்றில் 25 மீட்டரில் வந்த படத்தையும் சேர்த்திருக்கிறான். வைவாவில் கேட்பார்கள் என்று அதற்குத்தான் அதிகம் படித்துக்கொண்டிருக்கிறான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கழி நீளக் கணக்கு: இரு பக்க இடைவெளிகளின் பெருக்கல், அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்ததற்குச் சமமாக இருக்கவேண்டும். இரண்டு கழியும் ஒரே நீளமாக இருக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் இடமில்லை என்றால் அங்கே 60 சென்டிமீட்டர், எதிர்ப்பக்கம் 2.4 மீட்டர் என்றாலும் 50 மீட்டருக்கு அதே பலன்தான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கார்டுதான் கையில் இருக்கிறது என்றால் அதே தூரத்துக்கு இரு பக்கமும் 1.75 மீட்டர் ஆகும். அதற்கேற்ற நீளத்தில் நல்ல கேபிளாக வாங்கிக்கொள்ளுங்கள், கழி மரக்கடையில் கிடைக்கும்.